படியேறும்போது மூச்சு வாங்குகிறதா? ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைப் பார்க்கப் படியேறும் கூட்டத்தில், சிலர் பத்துப் படிக்கு ஒருமுறை நின்றுவிடுவார்கள். போன வருடம் இவ்வளவு இல்லை. ‘வயசாயிடுச்சுல்ல’ என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

பல நேரம் அது வயசுதான். ஆனால் கூடவே மாதக்கணக்கில் வறட்டு இருமலும் இருந்தால், நுரையீரலில் தழும்பு விழுகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசு, ஆறிய காயம்போலத் தடித்து இறுகிவிடும் நோய் இது. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவதே பாடாகிவிடும்.

ராஜபாளையத்தில் இதற்கு இன்னொரு பதில் தயாராக இருக்கும்: ‘மில்லு தூசி’. 1930களிலிருந்து நூற்பாலைகளோடு வாழும் ஊர். பஞ்சுத் தூசியால் வரும் நோய் உண்மைதான். அதற்குப் பிஸினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். ஆனால் அது முக்கியமாகச் சுவாசக் குழாயைச் சுருக்கும் நோய். தழும்பு நோய் வேறு. ரெண்டையும் ஒன்றாக நினைத்து இன்ஹேலரோடு நாளைக் கடத்தினால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

இந்தியாவில் 19 நகரங்களில் இந்த வகை நுரையீரல் நோயாளிகள் 1,084 பேரை ஆராய்ந்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒவ்வாமையால் வந்த நுரையீரல் அழற்சி. புறா எச்சம், பூஞ்சை, சுத்தம் செய்யாத ஏர் கூலர் எல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. ‘வீட்டில் புறா வளர்க்கிறீர்களா?’ என்று டாக்டர் கேட்டால் ஊர்க்கதை என்று நினைக்க வேண்டாம்.

‘இதுக்கு ஒரு ரத்த டெஸ்ட் இல்லையா?’ இருக்கிறது, ஆனால் அரைகுறையாக. கேஎல்-6 என்ற புரதம், காற்றுப் பையின் செல்கள் சேதமாகும்போது ரத்தத்தில் கூடும். ஜப்பானில் பல வருடங்களாக இதைப் பார்க்கிறார்கள். எஸ்பி-டி, எம்எம்பி-7 என்று வேறு சிலவும் உண்டு. சிக்கல் என்னவென்றால், பலவகைத் தழும்பு நோய்களிலும் இவை உயரும். எந்த நோய் என்று பிரித்துச் சொல்லாது. அதனால்தான் காரணம் தெரியாத தழும்பு நோயை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய இவற்றை நம்ப வேண்டாம் என்று 2018-ல் சர்வதேச மருத்துவச் சங்கங்கள் கறாராகவே சொல்லின. நோய் முற்றும் வேகத்தைக் கணிக்க உதவுமா என்ற ஆராய்ச்சி தொடர்கிறது.

இன்றைக்குக் கைகொடுப்பவை பழைய சங்கதிகள்தான். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சரசர சத்தம். அப்புறம் நுண் சிடி ஸ்கேன். ஆறு நிமிட நடைப் பரிசோதனை. மூச்சை முழுக்க இழுத்து ஊதும் ஸ்பைரோமெட்ரி. இதில் எஃப்விசி என்ற எண், ஒரே வருடத்தில் பத்து சதவீதம் இறங்கினாலே டாக்டர் நிமிர்ந்து உட்கார்வார்.

விழுந்த தழும்பை எந்த மாத்திரையும் அழிக்காது. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் மருந்துகள் மேலும் பரவும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. ஒவ்வாமைதான் காரணம் என்றால் அதை வீட்டைவிட்டு அகற்றுவதும் சிகிச்சையில் சேர்த்தி. எனவே முதல் ஊதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க டாக்டருக்கு அது வேண்டும்.