சூளை காணாத கல்

செங்கற்சூளைக்கு மண் எடுத்த வயலை மறு ஆண்டு சென்று பார்த்தவர்க்கு அதன் நிலை தெரியும். பயிருக்கு ஊட்டமளிக்கும் மேல்மண் போனபின், அந்நிலம் பழைய விளைச்சலுக்குத் திரும்பப் பல்லாண்டுகள் ஆகும். கல்லைச் சுடுவதற்கு எரியும் விறகும் நிலக்கரியும், ஊரின்மேல் கவியும் புகையும் வேறு. வீடு ஒருவருக்கு, இழப்போ ஊருக்கு.

அழுத்திய மண்கல்லுக்குச் சூளை வேண்டுவதில்லை. மேல்மண்ணை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, அடிமண்ணைத் தோண்டிச் சலித்து, இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சிமெண்டு சேர்த்து, சிறிது நீர் தெளித்துக் கலந்து, கை இயந்திரத்தில் இட்டு நெம்புகோலால் அழுத்த வேண்டும். 1950-களில் கொலம்பியா நாட்டில் எளிய மக்களின் வீடுகளுக்காக உருவாக்கப்பட்ட ‘சின்வா ராம்’ என்னும் கருவி இவ்வகை இயந்திரங்களுக்கு முன்னோடியாகும். நமது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லில் இத்தகைய கற்களால் எழுந்த பார்வையாளர் மையம், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கென ஹசன் பாத்தி பெயரால் அமைந்த பரிசை 1992-ஆம் ஆண்டில் பெற்றது.

மண்சுவர் என்றதும் முகம் சுளிப்பவர் நம்மிடையே உண்டு. மழையில் கரைந்த பழைய குடிசையை நினைத்து அவ்வாறு எண்ணுகின்றனர் போலும்! பக்குவமாகச் செய்த மண்கல் அவ்வாறு எளிதில் கரைவதன்று. ஆயினும் எல்லா மண்ணும் இதற்கு ஏற்றதன்று. மணல் ஏறத்தாழப் பாதியும், களி ஐந்தில் ஒரு பங்கும் இருத்தல் நன்று. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், மணல் முதலில் அடியில் படியும். அதன்மேல் வண்டலும், கடைசியாகக் களியும் தங்கும். களி மிகுந்தால் மணல் சேர்க்கலாம். நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் கரிசலைத் தவிர்த்தலே நலம். சிமெண்டைக் கூட்டினால் கல் மேலும் சிறக்கும் என்று அள்ளிக் கொட்டுவதும் தவறு. சிமெண்டும் எரிபொருளைத் தின்று சூளையில் வெந்து வந்த பொருளே அன்றோ?

அவசரமே இவ்வேலைக்குப் பெரும் பகை. அழுத்தி எடுத்த கல்லை நிழலில் மூடிவைத்து, நான்கு வாரம் ஈரம் காத்த பின்னரே சுவரில் ஏற்ற வேண்டும். கடைக்கால் கருங்கல்லால் தரைக்கு மேல் உயர்ந்திருக்கட்டும். கூரையின் இறவாணமும் சுவரைத் தாண்டி நீண்டிருக்கட்டும்.

மண் எடுத்த குழி வீணாவதில்லை. கூரைநீரை அதில் விட்டால் சிறு குட்டையாகும். ஒதுக்கிய மேல்மண்ணை அதன் கரையருகே பரப்பிக் காய்கறி பயிரிடலாம்.