ஜீப் சக்கரம் ஆட்டம் போடுகிறதா? வாசலிலேயே சரி பார்க்கலாம்!

பொழுது விடிவதற்கு முன்பே போடியிலும் கம்பத்திலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, நெருக்கியடித்து உட்காருவார்கள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று தோட்டம் தோட்டமாக ஆள் இறங்கும்.

இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி ஒரு புகார் வரும். மலையில் வண்டி சாதுவாக ஏறுகிறது. கீழே தேனி ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் நிற்கமாட்டேன் என்கிறது. "சமவெளியில்தானே ஆடுகிறது, மெதுவாகப் போனால் போயிற்று" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் தவறு.

சக்கரத்தில் ஏதாவது ஓர் இடம் மட்டும் கனமாக இருப்பதே இந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம். டயருக்குள் போட்ட பெரிய ஒட்டு, ஒருபக்கம் தடித்துப்போன ரீட்ரெட், கல்லில் மோதி நெளிந்த ரிம் என்று அது எப்படியும் வரலாம். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதையைப் பார்த்தவர்களுக்கு ரிம் ஏன் நெளிகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஜீப்புகளுக்கான 6.00–16 டயர், 60 கிலோ மீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் 100 கிராம் கனம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 4 கிலோ பாரம் போலச் சக்கரத்தை வெளியே இழுக்கும். ஒரு முறை மேலே, மறுகணம் கீழே. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகக் குறைந்துவிடும். அதனால்தான் மலையில் முப்பதில் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை.

ஆனால் அந்த அடியெல்லாம் போய் விழுவது கிங் பின், டை ராடு முனை, வீல் பேரிங் ஆகியவற்றின் மேல். சமவெளியில் தேய்கிற இதே உறுப்புகளை நம்பித்தான் மறுநாள் காலையில் 17 வளைவிலும் ஆள் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது

எடை கட்டுவதற்கு முன் சக்கரத்தை நன்றாகக் கழுவ வேண்டும். ரிம்மின் உள்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு மட்டுமே ஆட்டத்துக்குப் போதும். இரவெல்லாம் நிறுத்திய நைலான் டயர், தரையில் பட்ட இடத்தில் சற்றுத் தட்டையாகி, காலையில் சில கிலோ மீட்டருக்குக் குதிக்கும், சூடானதும் சரியாகிவிடும். அதற்கு எடை வேண்டியதில்லை.

அடுத்து, சமதரையில் பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கடியில் கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோ வைக்க வேண்டும். செங்கல் ஆகாது, நொறுங்கும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்றால் பேரிங் அல்லது கிங் பின் போய்விட்டது. இடமும் வலமும் ஆட்டி டை ராடையும் பார்க்க வேண்டும். தேய்ந்ததை மாற்றாமல் எத்தனை எடை கட்டினாலும் காசுக்குத்தான் கேடு.

டயர் ஓரமாக ஒரு குச்சியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், ரிம் கோணலா, டயர் சரியாக உட்காரவில்லையா என்பதும் தெரியும்.

ஈரக் களிமண்ணே எடைக்கல்

முன் அச்சுக்கு எஞ்சின் சக்தி போகாத டூ–வீல் டிரைவ் ஜீப்பில் வேலை சுலபம். பிரேக் உரசாமல் பார்த்துக்கொண்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, தானாக நிற்கும்போது அடியில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். இரண்டு திசையிலும் மூன்று நான்கு தடவை சுற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் குறி அடிப்பக்கமே வந்து நின்றால், கனமான இடம் அதுதான். ஃபோர்–வீல் வண்டியில் முன் அச்சின் பல்சக்கரங்களும் சேர்ந்து சுற்றுவதால் குறி ஏமாற்றும். அதற்குப் பழைய இரும்புக் கடையில் அதே போல்ட் அளவுள்ள ஹப் ஒன்றை வாங்கி, கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தூணில் பொருத்திக்கொள்வது நல்லது. கிரீஸ் கெட்டியாக இருந்தால் சின்னக் கனம் தெரியவே தெரியாது.

குறிக்கு நேர் எதிரே ரிம்மில் ஈரக் களிமண் உருண்டை ஒன்றை ஒட்ட வேண்டும். குறியைப் பக்கவாட்டில் கொண்டுவந்து கையை விட்டால் சக்கரம் எந்தப் பக்கமும் நகராமல் நிற்க வேண்டும். நிற்கும்வரை மண்ணைக் கூட்டிக் குறைக்கலாம். நின்றதும் மண்ணை எடுத்து, ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் போட்டால் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். அதே எடையில் பாதி ரிம்மின் உள்ளேயும் பாதி வெளியேயும் மாட்டினால் முடிந்தது. 150 கிராமுக்கு மேல் கேட்டால் எடையை மாட்டாமல், டயரைக் கழற்றி ரிம்மில் அரைச்சுற்று திருப்பிப் போட்டுப் பார்ப்பதே முறை.

எடையை டயர் கடையில் வாங்குவது நல்லது. பழைய பேட்டரி ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளுக்கு விஷம். ஐரோப்பாவில் 2005–லேயே புதிய கார்களில் ஈய எடைக்குத் தடை வந்துவிட்டது. இரும்பிலும் துத்தநாகத்திலும் எடைகள் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் காட்டுப்பாதை வண்டிக்காரர்கள் சிலர், பொம்மைத் துப்பாக்கிக்கான பிளாஸ்டிக் குண்டுகளை டியூப் இல்லாத டயருக்குள் கொட்டிவிடுகிறார்கள். வேகம் ஏறியதும் அவை தாமாகவே கனத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து கொள்ளும். மெதுவான ஓட்டத்தில் பயன் இல்லை. அதைக் கேட்டுவிட்டு இங்கே மணலைக் கொட்டினால் உள்ரப்பர் தேயும், வால்வு அடைக்கும்.

மேலே சொன்ன முறை குறுகலான டயருக்குத்தான் போதும். அகல டயர் மாட்டியவர்கள் மிஷின் வைத்திருக்கும் கடைக்குப் போகத்தான் வேண்டும். சுற்றும்போது இடவலமாக வரும் ஆட்டத்தைச் சாக்பீஸ் காட்டாது.

சக்கரத்தை மாட்டியபின் நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, வண்டி ஒரு நடை போய் வந்ததும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். கற்பாதையில் வெளிப்பக்க எடை தெறித்துப் போவது உண்டு. வாரம் ஒரு முறை வண்டி கழுவும்போது அது இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.