ஒரு தையற்காரனின் நீண்ட கடிதம்

தொலைக்காட்சித் தொடர்களைத் தழுவி எழுதப்படும் நாவல்களை இலக்கிய விமர்சகர்கள் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒருவர் சிருஷ்டித்த உலகத்துக்குள் மற்றொருவர், உரிமையாளரின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு எழுதும் நூலில் கற்பனைச் சுதந்திரத்துக்கு இடம் ஏது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும், 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட ‘எ ஸ்டிச் இன் டைம்’ என்னும் விஞ்ஞான நாவலை ரசிகர்கள் இன்றளவும் படித்து, விவாதித்து, போற்றி வருவதைக் காணும்போது, அந்தப் பொது விதிக்கு ஒரு சிறந்த விலக்கு உண்டென்று ஒப்புக்கொள்ளவே வேண்டியிருக்கிறது.

அந்நாவலின் நாயகன் எலிம் காரக், 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வரும் ஒரு துணைப் பாத்திரம். பேஜார் என்ற கிரகத்தை அடிமைப்படுத்தி ஆண்ட கார்டாசியர்கள் தாங்கள் கட்டிய விண்வெளி நிலையத்தை விட்டு வெளியேறியபோது, அங்கேயே தங்கிவிட்ட ஒரே கார்டாசியன் அவன், தேசப்பிரஷ்டம் செய்யப்பட்டவன். தான் வெறும் தையற்காரன் என்று அவன் சாதிப்பான். கேட்பவர் எவரும் நம்புவதில்லை. தன் நாட்டு ஒற்றர் படையில் அவன் பெரும் பதவி வகித்தவன் என்பது மெல்ல மெல்லத்தான் புலப்படுகிறது. 1994-இல் வந்த ‘தி வயர்’ என்ற அத்தியாயத்தில், மரணத்தின் வாசலில் கிடக்கும் நிலையிலும், தன்னைக் காப்பாற்ற முயலும் டாக்டர் ஜூலியன் பஷீரிடம், தன் வீழ்ச்சிக்கு ஒன்றுக்கொன்று முரணான பல காரணங்களைக் கூறுகிறான். அந்த அத்தியாயத்தைப் பார்த்தவர்களுக்குக் காரக்கை மறப்பது சாத்தியமில்லை.

அப்பாத்திரத்தை ஏற்று நடித்த ஆண்ட்ரூ ராபின்சனே இந்நாவலின் ஆசிரியர் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. காரக்கின் அந்தரங்கத்தை அறியும்பொருட்டு அவன் எழுதுவதாகவே ஒரு நாட்குறிப்பை எழுதிவந்த அவர், ரசிகர் மாநாடுகளில் அதை வாசித்துக் காட்டினார்; அதுவே வளர்ந்து, பஷீருக்குக் காரக் வரையும் நீண்ட கடிதமாக, நாவலாக உருப்பெற்றது. போரில் எண்பது கோடிப் பேர் மாண்டு, நகரங்கள் இடிந்து கிடக்கும் தாய்நாட்டுக்குத் திரும்பியவன், அந்த இடிபாடுகளின் நடுவே அமர்ந்து தன் பால்யத்தையும், கல்விக்கூடத்தின் கொடிய கட்டுப்பாட்டையும், நிறைவேறாத காதலையும் நினைவுகூர்கிறான். அவனைப் பெற்றவர் ஒற்றர் படைத் தலைவர் எனப்ரன் டெயின் என்பது தொடரிலேயே வெளிப்பட்ட செய்தி. நாவலோ, அவனை மகனாக வளர்த்த டோலன் என்ற தோட்டக்காரரை அவர் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. பயத்தால் ஆளும் தந்தை ஒருவர், மலர்ச்செடிகளைப் பேணும் தந்தை ஒருவர். இவ்விருவருக்கும் நடுவே ஒரு மனிதன் எவ்வாறு உருவாகிறான் என்பதை ராபின்சன் காட்டும் பகுதிகள், எந்த இலக்கியத்திலும் வைத்துப் போற்றத்தக்கவை என்பது என் துணிபு.

ரசிகர்களின் விவாதம் கிளைப்பதும் இங்கேதான். ஸ்டார் ட்ரெக் மரபில் திரையில் வந்ததே பிரமாணம். நாவல்கள் அதற்குக் கட்டுப்பட்டவையேயன்றி அதைக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆகவே நாவல் கூறும் வரலாற்றை உண்மையென்று கொள்ளலாமா என்று ஒரு சாரார் கேட்க, கடிதம் எழுதுபவனே பொய்யில் தேர்ந்தவனாயிற்றே, அதன் ஒவ்வொரு வரியையும் நம்பவேண்டிய நிர்ப்பந்தம் என்ன இருக்கிறது என்று மற்றொரு சாரார் விடையிறுக்கின்றனர். இரண்டாவது வாதமே எனக்கு உவப்பானது. காரக்கின் ரகஸ்யங்களையெல்லாம் விளக்கிவிட்டால் காரக்கே மறைந்துவிடுவான் என்ற அபாயத்தை ஆசிரியர் நன்கு உணர்ந்திருக்கிறார். இறுதிப் பக்கம் வரையில் சந்தேகத்துக்கு இடம் வைத்தே எழுதியிருக்கிறார்.

பஷீரிடம் காரக்குக்கு இருந்தது நட்பு மட்டும்தானா என்பது மற்றொரு பெரிய விவாதம். முதற் காட்சியிலிருந்தே அதில் ஈர்ப்பும் கலந்திருக்கும்படி தாம் நடித்ததாக ராபின்சனே கூறியிருக்கிறார்.

பல காலம் அச்சுப் பிரதி கிடைப்பது அரிதாயிருந்த இந்நாவல், 2023-இல் ராபின்சனின் சொந்தக் குரலிலேயே ஒலிநூலாக வெளிவந்தது. தொடரை அறியாத வாசகர்கள் முதலில் ‘தி வயர்’ அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, அதன்பின் இந்நூலுக்குள் புகுவார்களாக.