தொட்டிக்குள் ஒரு நத்தை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

விலங்கியல் மாணவர் எவரும் பைலாவை அறியாமல் பட்டம் பெறுவதில்லை. ஓடு, மூடி, செவுள், நுரையீரல் பை என்று படம் வரைந்து பெயர் குறிக்கிறோம். 2014ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கறுவைக்குத் தடை விதித்த பிறகு அதைத் திறந்து பார்க்கும் வேலையும் இல்லை. ஆகவே எனக்கும் அது நெடுநாள் வெறும் படமாகவே இருந்தது.

பொன்னேரிப் பக்கத்து நண்பர் ஒருவர் தம் ஊர் ஏரியிலிருந்து இரண்டு நத்தைகள் கொண்டுவந்தார். (பாடநூலில் வரும் பைலா குளோபோசா வடநாட்டில் மிகுதி, தென்னாட்டு ஏரிகளில் காண்பது பெரும்பாலும் பைலா வைரென்ஸ்.) "வயக்காட்டுப் பக்கம் இதை ஆக்கித் தின்பாங்க, நீ கண்ணாடியில வைச்சுப் பாக்குறியா?" என்று அம்மா சிரித்தார்.

முதல் நாள் இரவே ஒன்று கண்ணாடியில் ஊர்ந்து ஏறி, நீர்மட்டத்துக்கு அருகே நின்று, இடப்புறமிருந்து ஒரு குழலை நீட்டிக் காற்றை உறிஞ்சியது. உடல் மேலும் கீழும் அசைந்தது. வலப்பக்க அறையில் செவுள், இடப்பக்கத்தில் நுரையீரல் பை என்று நான் மனப்பாடம் செய்திருந்த வரி அன்றுதான் விளங்கிற்று. இதனால்தான் தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. இரண்டு மூன்று அங்குலம் காற்றுக்கு விட வேண்டும். மேலே மூடியும் தேவை; இரவில் வெளியே இறங்கிப் போய்விடும்.

நீர்தான் நம் பகுதியில் பெரும்பாடு. கடலோர ஆழ்குழாய் நீர் உப்பேறியது, அது ஆகாது. குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே ஊற்ற வேண்டும். ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. நீர் புளித்தால் ஓடு அரிந்து வெண்குழிகள் தோன்றும். இதற்குக் கடையில் மருந்து தேட வேண்டியதில்லை. காசிமேட்டில் கணவாய் அறுக்கும் இடத்தில் எறியப்படும் வெள்ளை ஓட்டை, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்பார்களே அதையே, நல்ல நீரில் சில நாள் ஊறவைத்து உப்பைப் போக்கித் துண்டாகப் போட்டால் போதும். உணவுக்கு வெந்த கீரை, வெள்ளரித் துண்டு. மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும். அழகுக்கு வைத்த நீர்ச்செடிகளையும் அது தின்றுவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்!

மிதக்கும் நத்தையெல்லாம் செத்த நத்தை அன்று. பையில் காற்று மிகுந்தாலும் மிதக்கும். மூடியை இறுக்கியிருந்தால் உயிர் உண்டு. மூடி தளர்ந்து நாற்றம் வந்தால்தான் இறப்பு. இதை நான் கற்றது ஒரு தவற்றால். மீன்களின் உடலில் வெண்புள்ளி கண்டு, கடையில் கொடுத்த மருந்தை ஊற்றினேன். அதில் செம்பு உப்பு இருந்தது. நத்தையை ஒழிக்கவே செம்பு உப்பைப் பயன்படுத்துவார்கள் என்பதை அப்போது நான் அறியேன். காலையில் ஒன்று இறந்து கிடந்தது. உடனே எடுக்காமல் கல்லூரிக்கு வந்துவிட்டேன். அழுகிய உடலிலிருந்து அம்மோனியா பெருகி, மாலைக்குள் இரண்டு மீன்களும் போயின. மருந்துச் சீட்டை முதலில் படியுங்கள். படிக்க இயலாவிட்டால் நத்தையை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

பைலாவில் ஆண், பெண் தனித்தனி, ஈரமண்ணில் முட்டையிடும். ஆதலால் கண்ணாடித் தொட்டியில் பெருகுவதில்லை. கடைச் செடியோடு ஒட்டிவரும் சிறு நத்தைகளோ இருபாலின. தீனி மிஞ்சினால் பெருகித் தள்ளும். அவற்றைக் கால்வாயில் கொட்டிவிடுவதுதான் பலரின் வழக்கம். 1847இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாத் தோட்டத்துக்கு ஒருவர் கொண்டுவந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தை இன்று நாடெங்கும் பயிரைத் தின்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த காக்கா ஆழி எண்ணூர்க் கழிமுகத்தின் தரையை மூடி, மட்டியும் இறாலும் பிடிப்போரின் பிழைப்பைக் கெடுப்பதை நம் மீனவரிடமே கேட்கலாம்.

எஞ்சிய ஒரு நத்தை நலமாக இருக்கிறது. தொட்டி மாற்றும் நாளில் பழைய நீரை வடிகாலில் விடுவதில்லை. மெல்லிய துணியில் வடிகட்டி, மாடிப்படி ஓரத்து முருங்கைத் தொட்டிக்கு ஊற்றுகிறேன். துணியில் தங்கும் குஞ்சுகளையும் முட்டைகளையும் வெயிலில் காயவைக்கிறேன்.