பிளாரன்ஸில் பிள்ளைகளோடு

பதினைந்து வயதுப் பிள்ளையை இத்தாலிக்கு அழைத்துப் போய், நாள் முழுக்கச் சித்திரசாலைகளிலேயே சுற்றவைத்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? பிளாரன்ஸில் அந்தச் சங்கடம் வேண்டாம். முதல் காரியமாகப் பெரிய மாதா கோயிலின் குவிமாடத்தில் ஏற விடுங்கள். 1436-ல் புரூனெல்லெஸ்கி முடித்த அதிசயம் அது. 463 படிகள், லிப்ட் கிடையாது. (நம் முழங்கால்தான் பாவம்!) நேரம் குறித்து முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிட வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுகலாக வளைந்து ஏறுகிறது வழி. உச்சிக்குப் போனால் நகரத்துச் செவ்வோடுகள் அத்தனையும் காலடியில்!

இறங்கியதும் ஆளுக்கொரு ஜெலாட்டோ ஐஸ்கிரீம். பிறகு அக்கடெமியாவில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை. அது ஒன்று போதும். பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு நுழைவுக் கட்டணமில்லை. திங்கட்கிழமை விடுமுறை, ஜாக்கிரதை. உபீஸியை விட மனமில்லாத அம்மா, மறுநாள் காலை பிள்ளைகளை அப்பாவின் பொறுப்பில் தூங்க விட்டுத் தனியே போய் வரலாம்.