மாதவிலக்கு நின்ற பிறகு

தாய்மார்களே, மாதவிலக்கு நின்றுவிட்டதா? தொல்லை விட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்ததும், இதுவரை தொடையில் சேர்ந்த கொழுப்பு இனி வயிற்றுக்குள் சேரும். அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. இனிப்புநீர் வர அதுவும் ஒரு வழி. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

“நாள் முழுக்க பால்மரம் வெட்டுறோம், யோகா எதுக்குங்கய்யா?” என்று ஓர் அக்கா கேட்டார். வேலை அலுப்பைத் தரும். மூச்சை நிதானப்படுத்தாது, மன உளைச்சலையும் இறக்காது. மாலையில் பாய் விரித்து 20 நிமிடம் தாடாசனம், புஜங்காசனம், நிதான மூச்சு போதும். பிரஷர் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனம் வேண்டாம். கெட்டிப்பால் தேத்தண்ணியையும் குறையுங்கள்.

ஆசனம் துணைதான். அதை நம்பி மாத்திரையை விட்ட ஓர் அம்மா, ஆறாத கால்புண்ணோடு என்னிடம் வந்தார்.