பால் பல் எல்லாம் விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

"டாக்டர் ஐயா, இவளுக்கு முன்பல் தூக்கலா இருக்கு. சூரணம், லேகியம்னு ஏதாவது குடுத்து உள்ளே போக வைக்க முடியுமா?"

16 வயது மகளோடு வந்த அம்மா கேட்டார். கூடவே 8 வயதுப் பையனும் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான்.

அந்தப் பெண்ணுக்குப் பல் மட்டும் முன்னால் வரவில்லை. கீழ்த்தாடையே வளராமல் பின்தங்கியிருந்தது. "சின்ன வயசிலேயே காட்டலையா?" என்றேன். "பால் பல் எல்லாம் விழட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்னு இருந்துட்டோம்..." என்றார்.

நான் சித்த மருத்துவன். ஆனாலும் சொல்கிறேன், லேகியம் தாடையை நகர்த்தாது! பல் சீரமைப்பு மருத்துவரிடம் அனுப்பினேன். கிளிப் போட்டுப் பல்லை வரிசைப்படுத்தலாம். தாடையை முன்னுக்குக் கொண்டுவர ஆபரேஷன்தான் என்றார் அவர்.

பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். தாடையின் வளர்ச்சியைத் திருப்பிவிட வளரும் வயது வேண்டும். சூட்சுமமே இதுதான்.

எனவே 7 வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். நிலையான முதல் கடைவாய்ப் பல் அதற்குள் முளைத்திருக்கும். கடி சரியா என்று தெரிந்துவிடும். உடனே கிளிப் போடுவார்களோ என்று பயம் வேண்டாம். பல குழந்தைகளுக்கு, 'கொஞ்ச நாள் கழிச்சு வாங்க' என்றுதான் சொல்வார்கள்.

வீட்டிலேயே குழந்தையைக் கடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

* கீழ் முன்பல் மேல் பல்லுக்கு வெளியே நிற்கிறதா? மேல்தாடை பின்தங்கியதால் என்றால், முகத்தில் மாட்டும் கருவியால் அதை முன்னுக்கு இழுக்கலாம். 10 வயதுக்குள் செய்தால் பலன் அதிகம்.

* மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்பக்கம் விழுகின்றனவா? அண்ணத்தில் பொருத்தும் கருவி மேல்தாடையை அகலமாக்கும். பருவ வயது தாண்டினால் அண்ணத்தின் நடு இணைப்பு இறுகிவிடும்.

* கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறதா? மளமளவென்று உயரும் வயதில் கழற்றி மாட்டும் கருவிகள் கைகொடுக்கும். பெண்களுக்கு அது சுமார் 10-12, ஆண்களுக்கு 12-14.

4 வயதுக்கு மேலும் விரல் சூப்பினால், வேப்பெண்ணெய் தடவி மிரட்டாமல் அன்பாகப் பேசி நிறுத்துங்கள். 'விழப்போற பல்தானே' என்று சொத்தைப் பால் பல்லை அலட்சியப்படுத்தாதீர்கள். கடைவாய்ப் பால் பல் சீக்கிரமே போய்விட்டால், பக்கத்துப் பல் சாய்ந்து புதுப் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

சரி, அந்தத் தம்பி? ராத்திரியும் வாய் திறந்துதான் தூங்குவானாம். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வீங்கினாலும் இப்படி ஆகலாம். தாடை வளர்ச்சியையும் பாதிக்கலாம். "முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர், அப்புறம் பல் டாக்டர். இந்த வாரமே போங்க. இவனுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் இருக்கலாம். இன்று ராத்திரி, தூங்கும்போது பாருங்களேன்!